ஒரு துளை, பதினோரு உரிமையாளர்கள்

அளக்கத்தான் என்னை அழைத்தார்கள்.
நெப்ராஸ்காவில் டார்வெல்,
நகரம் என்று பலகையில் மட்டும் எழுதிய ஊர்.
இரண்டு சிக்னல். அதில் ஒன்று
எந்நேரமும் மஞ்சளாய்ச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

தானியக் கிடங்குக்கும் தேவாலயத்துக்கும் நடுவே
நாலு எஃகுக் கால் ஊன்றி
கூம்புத் தொப்பியோடு தண்ணீர்த் தொட்டி.
ஏற்றியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்.
காலியாகி முப்பத்தேழு வருடம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்போம்.
இவர்கள் மூன்று தலைமுறை
வெள்ளத்தைத் தலைக்கு மேலேயே நிறுத்திவைத்து
பல் துலக்கினார்கள், பன்றிக்குக் காட்டினார்கள்,
பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.
சாணும் முழமும் எண்ணியது
நகராட்சி மீட்டர் மட்டும்.

ஏணியில் நூற்றுப் பன்னிரண்டு படி.
எழுபதாவதில் கையுறை முழுக்க வெள்ளிப் பூச்சு,
மாவு போல.
கீறினால் அரக்கு, அதன் கீழ் பச்சை,
அதற்கும் கீழே ஈயச் சிவப்பு.
கருவியை வைத்தால் தகடு எண் சொல்லும்.
ஆறு புள்ளி ஒன்று.
ஐந்து புள்ளி எட்டு.
அடிக்கிண்ணத்தில் மூன்றுதான்; குறித்துக்கொண்டேன்.

வடக்குப் பக்கம், என் நெற்றி உயரத்தில்
எண் வரவில்லை.
தட்டினேன். எஃகு பேசவில்லை.
மரம்.

சுண்டுவிரல் பருமனில் ஒரு முளை.
குண்டு துளைத்த ஓட்டையில்
யாரோ அடித்து இறக்கியது.
நீர் குடித்து உப்பி
தானே இறுக்கிக்கொண்டிருக்கிறது ஐம்பது வருடம்.

இறங்கிவந்து எழுத்தர் லடோனா ப்ரீஸிடம் சொன்னேன்.
அவ்வளவுதான்.
மறுநாள் காலை தீவனக்கடையில்
மைலோ குசேரா தொப்பியைக் கழற்றினார்:
"எங்கப்பா. வாத்துக்குக் குறிவைத்தார்."
வெர்டெல் ஷூப் விடவில்லை:
"எங்க பெரியம்மா. பத்தொன்பது வயசு.
கல்யாணம் நின்ற அன்றைக்கு."
ஷெரிஃபே போதையில் சுட்டார் என்று
ஷெரிஃபின் பேரன்.
வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு குடும்பம்.
துளை ஒன்றேதான்.

முளை அடித்தது யார் என்று கேட்டேன்.
காபியைக் கலக்கினார்கள்.

லடோனா அடித்தளத்திலிருந்து
பழைய கணக்குப் புத்தகத்தைத் தூக்கிவந்தாள்.
முப்பத்துநாலு, ஜனவரி.
"தொட்டியில் சில்லறை வேலை: எழுபத்தைந்து சென்ட்."
பெயர் இல்லை.

ஜனவரி.
பீறிடும் நீர் ஏணியிலேயே உறையும் மாதம்.
முளையைப் பல்லில் கடித்து
சுத்தியலை இடுப்பில் செருகி
நூற்றுப் பன்னிரண்டு படி.
முகத்தில் அடிக்கிற நீருக்கு எதிரே
ஒரு கையால் கம்பி, ஒரு கையால் அடி.
முதல் அடி தவறியிருக்கும்.
எனக்குத் தெரியும்,
நான் கோடையில் ஏறினேன், கயிறு கட்டிக்கொண்டு.

கூட்டத்தில் கணக்கு வாசித்தார்கள்.
இடிக்க எண்பத்தெட்டாயிரம் டாலர்.
பூசிக் காக்க இரண்டு லட்சம்.
சும்மா விட, ஒன்றுமில்லை.
மூன்றுக்கு மூன்று வாக்கு.
மேயருக்குக் காய்ச்சல்.
ஏழு மணிக்குக் கூடைப்பந்து ஆட்டம் என்பதால்
ஒத்திவைத்து எழுந்துபோனார்கள்.

கடைசி நாள் உள்ளே இறங்கினேன்.
இருமினால் ஏழு முறை திரும்பி வருகிறது.
விளக்கை அணைத்தேன்.
வடக்குச் சுவரில்
மயிரிழை அகலத்தில் ஒரு வெளிச்ச வளையம்.
தண்ணீர் போன பிறகு
மரம் இளைத்திருக்கிறது.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
அசைந்தது. விழவில்லை.

படிவத்தில் மரத்துக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
முளை தளர்ந்துள்ளது.
அகற்ற வேண்டாம்.